நல்ல பிறப்புக்கு நாற்பத்து மூன்று மதிப்பெண்

என் மாமனார் என்னை முதன்முதலில் பார்த்தபோது என் பெயரையும் கேட்கவில்லை, வேலையையும் கேட்கவில்லை. "வாயைத் திறங்க தம்பி" என்றார். பெண் பார்க்க வந்த இடத்தில் எதற்குமே மறுப்புச் சொல்லக் கூடாது என்று அம்மா பஸ் ஸ்டாண்டிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். திறந்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என் கடைவாய்ப் பற்களை வலமிருந்து இடமாக எண்ணினார். கையில் வைத்திருந்த தாளில் ஏதோ குறித்தார்.

"ரெண்டு அடைச்சிருக்கு. அஷ்டே" என்றார். அவ்வளவுதான் என்பதற்கு மைசூரில் எங்களுக்கு அந்தக் கன்னடச் சொல்தான் வரும்.

அவர்கள் வீடு அக்ரஹாரத்தில், கோயில் தெரு முடிந்து தையல் கடைகள் தொடங்கும் இடத்தில் இருந்தது. அம்மா கொள்ளேகாலிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தாள். நான் மைசூரிலேயே அறை எடுத்துத் தங்கி, ஆங்கில அறிவியல் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் ஓர் அகராதி வேலையில் இருந்தேன். எனக்கு வயது முப்பத்து மூன்று. அதற்கு முன் நான்கு இடங்களில் ஜாதகத்தாலேயே கல்யாணம் தட்டிப்போயிருந்தது. "இவங்க ஜாதகமே பாக்கறதில்ல, அப்பா சயின்ஸ் ஆளு" என்று தரகர் சொன்னபோது, அம்மா போனிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சயின்ஸ் ஆள் என்றால் என்ன என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அவர் அரசாங்கப் பட்டு வித்து நிலையத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விவசாயிகளுக்குக் கொடுக்கும் பட்டுப்புழு முட்டைகளை உண்டாக்கும் இடம் அது. எந்தக் கூட்டை வித்துக்கு வைப்பது, எதைக் கழிப்பது, எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்று முடிவு செய்வதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. லட்சக்கணக்கான கல்யாணங்களை முடித்து வைத்தவர் என்று பின்னால் அவர் மனைவி சொன்னார். ஓய்வு பெற்ற பிறகு அவர் கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கல்யாணம், மகளுடையது.

பல் முடிந்ததும் படிவத்தை எடுத்தார். ஏழு பக்கம். கம்ப்யூட்டரில் அடித்து, ஓரம் குத்திக் கட்டியது. முதல் பக்கத்தின் தலைப்பைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'யூஜெனிக்ஸ் மதிப்பீட்டுப் படிவம்: மூன்று தலைமுறை.'

என் மேசையில் அந்த வாரம் முடிக்காமல் கிடந்த சொற்களில் அதுவும் ஒன்று. நல்லினப் பிறப்பியலா, இனமேம்பாட்டியலா, மரபு மேம்பாட்டியலா என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லி, நான்காவது ஆளாக என்னை முடிவு செய்யச் சொல்லியிருந்தார்கள்.

"சார், இந்த வார்த்தைக்கு அர்த்தம்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் தம்பி. கிரேக்க மொழி. 'யூ'ன்னா நல்ல. 'ஜெனிக்ஸ்'ங்கறது பிறப்பு, குலம். நல்ல பிறப்பு. டிரெயினிங்ல சொல்லிக் குடுத்தாங்க" என்றார்.

அர்த்தம் சரியாகத்தான் இருந்தது.

அவர் கேட்கக் கேட்க அம்மா பதில் சொன்னாள். அம்மாவிடம் ஒரு குணம், அரசாங்க ஆள் மாதிரி யாராவது தாளும் பேனாவுமாக உட்கார்ந்தால் அவளுக்குப் பொய் வராது. ரேஷன் கார்டு கணக்கெடுக்க வந்தவரிடம் என் தாய்மாமா வேலையை விட்டது, திரும்பச் சேர்ந்தது, மறுபடி விட்டது எல்லாவற்றையும் சொன்னவள்.

"பையனோட தாத்தா எதனால காலமானார்?"

"பாம்பு கடிச்சுங்க."

"பெரியப்பா?"

"அவரு கிணத்துல உழுந்துட்டாருங்க. தண்ணி இல்லாத கெணறு."

"அப்பா?"

"பஸ்ஸு பின்னாடி வந்ததைப் பாக்கலீங்க."

அவர் பேனாவை நிறுத்தினார். ஜன்னல் பக்கம் பார்த்து யோசித்தார். "பாம்பு, கிணறு, பஸ், இதெல்லாம் மரபு கிடையாது. ஆனா மூணு பேருமே பாத்து நடக்கல. அது மரபா இருக்கலாம்" என்று சொல்லி, 'கவனக்குறைவு' என்று கையால் ஒரு புதுக் கட்டம் போட்டு அதில் ஒரு எண்ணை எழுதினார். முந்தின நாள் வாசற்படியில் இடித்துக் கட்டுப் போட்டிருந்த என் காலை அம்மா பார்த்தாள். நான் அதை இழுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் வழுக்கை, சர்க்கரை, மூச்சிரைப்பு, திக்குவாய், இடதுகைப் பழக்கம் என்று வந்தது. 'வீட்டை விட்டுப் போனவர்கள்' என்று தனியே ஒரு கட்டம் இருந்தது. சின்னத் தாத்தா ஒருவர் நாடகக் கம்பெனியோடு போய், பல வருடம் கழித்து ஒரு மத்தியானம் திரும்பி வந்து, கையைக் கழுவிக்கொண்டு சாப்பாடு கேட்டதை அம்மா விவரமாகச் சொன்னாள். "என்ன குழம்புன்னு கேட்டாருங்க, வேற ஒண்ணும் கேக்கலீங்க" என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு பட்டுக்கூட்டைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். "இது என்ன கலர்?"

எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. பழகிப்போன பொருள்களின் நிறத்தைப் பேர்போல மனப்பாடம் செய்து சமாளித்துவிடுவேன். பட்டுக்கூட்டை நான் அதற்கு முன் தொட்டதே இல்லை. "லேசான... காவி?" என்றேன்.

"இளம்பச்சை. சுத்த மைசூர் இனம்" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கண்டுபிடித்துவிட்ட திருப்திதான் இருந்தது. அம்மா பக்கம் திரும்பி, "இது அம்மா வழியாத்தான் பையனுக்கு வரும். நீங்க குடுத்ததுதான்" என்றார்.

அம்மா பதறிப்போனாள். "நான் என்னத்தைங்க குடுத்தேன்? ஒரு சீப்பு பழமும் பூவுந்தானுங்க கொண்டாந்தேன்!"

அவர் விளக்க ஆரம்பித்தார். தாய் வழியாக வருவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அவர் துறையிலிருந்தே உதாரணம் சொன்னார். பட்டுப்பூச்சியில் தாயிடமிருந்து முட்டைக்குப் போகும் நோய் ஒன்று உண்டு, அதனால் தாய்ப்பூச்சி முட்டையிட்டதும் அதை எடுத்து நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், நோய் தெரிந்தால் அந்த முட்டைகளை எரித்துவிடுவார்கள். "தாயை நசுக்கிப் பாத்தாத்தான் பிள்ளையப் பத்தித் தெரியும்" என்று, அம்மாவைப் பார்த்தபடியே, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

அம்மா நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

அப்போதுதான் காபியோடு பெண் வந்தாள். தட்டை வைத்துவிட்டு அப்பாவின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். 'கவனக்குறைவு' என்ற புதுக் கட்டத்தைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. நான் அந்தக் கணத்திலேயே சம்மதம் சொல்லியிருப்பேன். என்னைத்தான் யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் முடிவு வந்தது. நூற்றுக்கு நாற்பத்து மூன்று. தேர்ச்சிக்கு அறுபது வேண்டும். கீழே, 'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. வருத்தத்துடன்' என்று எழுதி, எந்தெந்தப் பாடத்தில் எவ்வளவு போனது என்று பட்டியலும் இணைத்திருந்தார். நீண்ட ஆயுள் என்ற தலைப்பில் எனக்குச் சுழி. அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "ஜாதகத்துலகூட நமக்கு இத்தனை வரலியே கண்ணு" என்றாள்.

நாலு நாள் கழித்துப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. குக்கரஹள்ளி ஏரிக்கரைக்கு வர முடியுமா என்று கேட்டாள். போனேன். அவள் பிறந்த குழந்தைகளின் காதைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஏழு பக்கப் படிவம்.

"இது உங்களோடது இல்ல. எங்க அப்பாவோடது" என்றாள்.

அவள் அப்பாவின் படிவத்தை, அப்பாவுக்குத் தெரியாமல், அம்மாவையும் அத்தையையும் கேட்டுக் கேட்டு நிரப்பியிருந்தாள். பூச்சி இறகுத் தூள் முப்பது வருடம் மூச்சில் போனதில் அவருக்கு ஆஸ்துமா. முப்பது வயதில் வழுக்கை. அவருடைய சித்தப்பா ஒருவர் கடைசிவரை வீட்டுக்குள் ஒருவரோடும் பேசாமல், ரேடியோவோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தவர். மொத்தம் முப்பத்தொன்று.

"அப்ப உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டேன்.

"நான் அவரோட பொண்ணுதானே. அதை யாரும் கேக்கவேயில்ல." படிவத்தைத் திரும்பக் கவருக்குள் செருகினாள். "டெய்லி இருபது குழந்தைக்கு டெஸ்ட் பண்றேன். எங்க மெஷின்ல ஃபெயில்னு ஒரு வார்த்தையே கிடையாது, தெரியுமா? பாஸ். இல்லேன்னா ரெஃபர். இன்னொரு தடவை பாருங்கன்னு அர்த்தம். பிறந்து ரெண்டு நாள் ஆன குழந்தைய ஃபெயில்னு சொல்ல மெஷினுக்கே மனசு வரல. எங்க அப்பா சும்னே, ஒரு காரணமும் இல்லாம, உங்களுக்கு மார்க் போட்டுட்டார்."

அதற்குள் நானும் அந்தச் சொல்லைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். வேலைக்காக என்று சொல்லிக்கொண்டாலும், நாற்பத்து மூன்று எடுத்த கோபத்தில்தான் படித்தேன். படித்ததைச் சொன்னேன். "இதை அப்பாகிட்ட சொல்லணும். ஞாயிற்றுக்கிழமை வாங்க. தோத்துப்போன மாப்பிள்ளையா வராதீங்க, அகராதி ஆளா வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் என்னைப் பார்த்து, "மறுகூட்டலா?" என்று கேட்டார்.

முதலில் மகள் அவருடைய படிவத்தைக் கொடுத்தாள். பேர் எழுதாமல் கொடுத்தாள். அவர் நிதானமாகப் படித்தார். "இது யாரு? ரொம்ப மோசம். இவனுக்குப் பொண்ணு குடுக்கவே கூடாது" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி வெளியே வந்து, "குடுத்துட்டாங்களே, என்ன பண்றது" என்றார். "இவரு என்னைப் பாக்க வந்தப்ப ஒரே கேள்விதான் கேட்டாரு தம்பி. காபில சர்க்கரை யாரு போட்டதுன்னு கேட்டாரு. நான்தான்னேன். சரின்னுட்டாரு."

அவர் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்.

அந்தச் சொல் கிரேக்கத்தில் வெறும் பெயரடையாக, 'நற்குடிப் பிறந்த' என்ற பொருளில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஓர் ஆங்கிலக் கனவான் அதை எடுத்து ஒரு துறைக்குப் பெயராக வைத்தார். கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து பார்ப்பவர் அவர். சட்டைப்பைக்குள் காகிதமும் ஊசியும் வைத்துக்கொண்டு, தெருவில் எதிரே வரும் பெண்களை அழகு, சுமார், அழகில்லை என்று மூன்றாகப் பிரித்து, யாருக்கும் தெரியாமல் துளை போட்டு, நாட்டுக்கே ஓர் அழகு வரைபடம் தயாரிக்கப் பார்த்தவர். நல்ல குடும்பங்கள் நிறையப் பிள்ளை பெற வேண்டும், மற்றவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார். மாட்டிலும் நாயிலும் செய்வதை மனிதனிலும் செய்யலாம் என்று படித்தவர்கள் பலர் நம்பினார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் சட்டமே வந்தது. தகுதியில்லாதவர் என்று யாரோ முடிவு செய்த ஆட்களுக்குப் பிள்ளை பிறக்காமல் அறுவை செய்தார்கள். அப்புறம் ஜெர்மனி. அங்கே அறுவையோடு நிற்கவில்லை. நோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் கொன்றார்கள்.

"காது கேக்காம பிறந்தவங்களும் அந்த அறுவை லிஸ்ட்ல இருந்தாங்கப்பா" என்றாள் மகள். "நான் தெனம் கையில வெச்சிருக்கற குழந்தைங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். எனக்கு இவ்வளவையும் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. பூச்சிகளோடு வாழ்ந்த மனிதர், பயிற்சி வகுப்பில் காதில் விழுந்த ஒரு சொல்லை நல்ல சொல் என்று நம்பி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார், அவ்வளவுதான்.

கடைசியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்த இங்கிலீஷ்காரருக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். கல்யாணம் ஆச்சு. குழந்தை இல்ல."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

"ஒரு பேட்ச்கூட எடுத்துப் பாக்காம எப்படிம்மா அந்த மனுஷன் சிபாரிசு பண்ணினான்?" என்று மகளிடம் கேட்டார். அவர் குரலில் அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. "எங்க ஆபீஸ்ல இப்படி ரிப்போர்ட் எழுதினா சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க." படிவங்கள் இரண்டையும் மடித்து எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

நான்கு நாள் சத்தமில்லை. ஐந்தாம் நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அம்மா வர மாட்டேன் என்றாள். "மறுபடியும் நசுக்கறதைப் பத்திப் பேசுனா எந்திரிச்சு வந்துருவேன்" என்று நிபந்தனை போட்டுவிட்டு வந்தாள்.

அவர் எங்களை உட்கார வைத்து, பேப்பர் எதுவும் இல்லாமல் பேசினார். யூஜெனிக்ஸை விட்டுவிட்டதாகச் சொன்னார். அதைச் சொன்னவன் வேலை தெரியாதவன். ஆனால் தான் முப்பது வருடம் கண்ணால் பார்த்த ஒன்று இருக்கிறது என்றார். வெளிநாட்டு வெண்பட்டு இனம் நூல் நிறையக் கொடுக்கும், ஆனால் வெயில் கொஞ்சம் ஏறினால் செத்துப்போகும். சுத்த மைசூர் இனம் நூல் குறைவு, கூடு சின்னது, பார்க்கவும் சுமார். ஆனால் எதைத் தின்றாலும் எந்த வெயிலிலும் பிழைத்துக்கொள்ளும். இரண்டும் தனித்தனியாக இருந்தால் விவசாயிக்கு லாபமில்லை. கலந்தால்தான் உருப்படி.

"எங்க பொண்ணு வெண்பட்டு. உங்க பையன்," என்று என்னைக் காட்டினார். "நாட்டு இனம். நூல் கம்மி. ஆனா சாகாது."

அம்மாவுக்கு இதில் எது அவமானம், எது பாராட்டு என்று பிடிபடவில்லை. "ஆமாங்க, ஒரு காய்ச்ச தலைவலின்னு படுத்ததில்லீங்க" என்று மட்டும் சொன்னாள்.

"இன்னொண்ணும்மா. வெண்பட்டு வருஷத்துல ரெண்டு தடவைதான். நாட்டு இனம் வருஷம் முழுக்க முட்டை வெக்கும்."

நான் தரையைப் பார்த்தேன். பெண் சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அம்மாவின் முகம் மட்டும் மலர்ந்தது. "அப்படீங்களா" என்று, முதல்முறையாக அவரைச் சம்பந்தி என்று கூப்பிட்டாள்.

வழக்கமாக நாட்டு இனம் பெண்ணாகவும் வெண்பட்டு ஆணாகவும் இருக்கும், இது தலைகீழாக இருக்கிறதே என்று அவருக்குக் கொஞ்சம் உறுத்தல் இருந்தது. "ரிவர்ஸ் கிராஸ். பரவால்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார்.

கல்யாணம் மைசூரிலேயே நடந்தது. வரவேற்பில் அவர் தன் பழைய சகாக்களிடம் என்னை நாட்டு இனம் என்றே அறிமுகப்படுத்தினார். அவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, கண்ணை விரித்து என்னை மேலும் கீழும் பார்த்து, நல்ல தேர்வு என்றார்கள். அகராதியில் 'இனமேம்பாட்டியல்' என்றே போட்டார்கள். மேம்பாடு என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை என்று கூட்டத்தில் கேட்டேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

எங்களுக்கு ஒரு மகள். நான் ஒரு மாசம் வரை அவள் துணிகளைத் தப்பு நிறத்தில் அடுக்கி மனைவியிடம் திட்டு வாங்கினேன்.

ஆனால் படிவம் சாகவில்லை. மாமனார் அதை, எனக்கு மார்க் போட்ட அந்த வாரத்திலேயே, உறவினர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அது கைமாறிக் கைமாறி, போன வருடம் பக்கத்துத் தெருவில் திறந்த ஒரு கல்யாணத் தகவல் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குடும்ப ஆரோக்கியப் பொருத்தம்' என்று போட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே. கையால் போட்ட 'கவனக்குறைவு' கட்டம்கூட அச்சில் ஏறியிருந்தது. எங்கள் தாத்தாவும் பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து மைசூர்த் தமிழர்களுக்குக் கொடுத்த கேள்வி அது.

மாமனார் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். அங்கே இருந்த பெண்மணியிடம், இது தன் படிவம் என்றும், இது தவறு என்றும், நிறுத்த வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் பெண்மணி எழுந்து நின்று கும்பிட்டார். "சார், நீங்களா! இதுக்கு எவ்வளவு டிமாண்ட் தெரியுமா! ஜாதகத்தோட இதையும் கேக்கறாங்க."

"ஜாதகத்தோடயா?" என்றார் மாமனார். அவர் முகம் விழுந்துவிட்டது.

எவ்வளவு சொல்லியும் அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. கடைசியில் மாமனார் என்னைப் பார்த்து, "நீங்க எழுதிக் குடுங்க மாப்ளே. அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு, என்ன பண்ணுச்சுன்னு. இங்க ஒட்டட்டும். வர்றவங்க படிக்கட்டும்" என்றார். அன்றே உட்கார்ந்து எழுதினேன். அகராதிக்கு எழுதியதைவிடக் கவனமாக எழுதினேன். முதல் வரியில் சொல்லின் பொருள். பிறகு அதைப் படைத்தவர், சட்டங்கள், அறுவைகள், கொலைகள். ஒரு பக்கம் வந்தது. மாமனார் இரண்டு முறை படித்துப் பார்த்து, ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி, அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். ஒட்டியிருந்தார்கள். பலகையில் இடம் இல்லையாம், முதல் வரியை மட்டும் எடுத்து, பெரிய எழுத்தில் அடித்து, சுற்றிலும் மாவிலைத் தோரணம் வரைந்து லேமினேட் செய்து மாட்டியிருந்தார்கள். 'யூ என்றால் நல்ல. ஜெனிக்ஸ் என்றால் பிறப்பு.' அதற்குக் கீழே ஒரு மாப்பிள்ளை வீட்டார் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பையன் கண்ணாடி போட்டிருந்தான். போட்டோவுக்காக அதைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றியதும் அவனுக்குக் கேமரா எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, மையத்துப் பெண்மணி தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.